அதாவது மேடம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நான்கு பெயர்கள் இருந்தன. நான்கில் ஒன்றுகூட அவருடைய பெயர் அல்ல. தமிழர்கள் ‘அதாவது மேடம்’ என்றார்கள். வங்காளிகளுக்கு ‘மானே தீதி’. தெலுங்கு மீனவர்களுக்கு ‘அண்டே அம்மா’. மற்ற எல்லோருக்கும் பொதுவாக இந்தியில் ‘மத்லப் மேடம்’. நான்குக்கும் காரணம் ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்த மறுநொடி தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்து, சொன்னவரின் மொழியிலேயே ‘அதாவது?’ என்று கேட்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல இருக்காது. கதை சொல்லும்போது குழந்தைகள் ‘அப்புறம்?’ என்பார்களே, அப்படி இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு, போர்ட் பிளேருக்கு வெளியே பெரார்கஞ்ச் சாலையில் தகரக் கூரை போட்டு ஒரு தற்காலிக அலுவலகம் திறந்தார்கள். வீடும் நிலமும் போனவர்கள் வந்து சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. நான் அங்கே க்ளார்க். அதிகாரி மெயின்லாண்டிலிருந்து வந்தவர், இந்தி தவிர வேறு மொழி தெரியாது. வருகிறவர்களோ ஆளுக்கொரு மொழி. எல்லோருக்கும் தீவு இந்தி தெரியும் என்றாலும், கடல் கொண்டுபோன வீட்டைப் பற்றிப் பேசும்போது மனிதர்களுக்குத் தங்கள் மொழிதான் வருகிறது. அதனால் தினக்கூலிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அப்படித்தான் அவர் வந்தார்.

திருச்சிக்காரர். அப்பாவின் ரயில்வே வேலை மாற்றல்களில் ஊர் ஊராக வளர்ந்து இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் பேசப் பழகியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணவர் அரசாங்கப் பொறியாளர், மாற்றலில் வந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் தத்துவத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாராம். ஒரு மனிதர் சொல்வதை இன்னொரு மனிதர் எப்படிப் புரிந்துகொள்கிறார், உண்மையிலேயே புரிந்துகொள்கிறாரா என்பதைப் பற்றி ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருநூறு வருஷமாக யோசித்து எழுதியவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. பாதியில் நின்றுவிட்டது. ‘எல்லாம் சரி, உன்கிட்ட உதாரணமே இல்லையே’ என்று வழிகாட்டிப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் புத்தகங்களின் ஜெராக்ஸ் கட்டுகளை ஒரு சூட்கேஸ் நிறையக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். தீவின் மழைக்காலத்தில் காகிதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கிற நாட்களில் கணவரின் சட்டைகளுக்கு நடுவே கொடியில் பக்கம் பக்கமாகக் கிளிப் போட்டுக் காயவைப்பார். குவார்ட்டர்ஸ் பெண்கள், “பரீட்சையா மேடம்?” என்று கேட்பார்கள். “ஆமா, தினமும்” என்பார்.

அவருடைய கணவர் நல்ல மனிதர், குறைவாகப் பேசுவார். அதற்கான காரணத்தை ஒருநாள் என்னிடம் சொன்னார். “காலைல சாம்பார் நல்லாருக்குன்னேன். அதாவதுங்கறா. எப்பவும்போல நல்லாருக்கா, நேத்தைவிட நல்லாருக்கா, இல்ல பேச்சை முடிக்கறதுக்காக நல்லாருக்கான்னு கேக்கறா. மூணாவதுதான்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.”

‘புரிஞ்சுது’ என்ற வார்த்தையை மேடம் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. மிஞ்சிப்போனால் ‘புரிஞ்ச மாதிரி இருக்கு’ என்பார். ஏன் என்று கேட்டதற்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு பாதிரியாரை மேற்கோள் காட்டினார். “நாம என்ன நினைக்கிறோம்? சாதாரணமா எல்லாம் புரிஞ்சிடும், எப்பவாவதுதான் தப்பாப் புரியும்னு. அந்த மனுஷன் தலைகீழாச் சொல்றார், க்ளார்க் சார். தப்பாப் புரியறதுதான் தானா நடக்கும். சரியாப் புரியறதை ஒவ்வொரு தடவையும் நாமதான் தேடிப் போகணும்னு.”

“அப்படின்னா ஒரு படிவத்துக்கு ஒருநாள் ஆகும் மேடம்” என்றேன்.

“ஆகட்டுமே.”

ஆனது. வெளியே வரிசை நீண்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவரைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அனுப்பாததற்குக் காரணம் சௌல்தாரி கிராமத்துக் கிழவர்.

அந்த வங்காளிக் கிழவர் மூன்றாவது முறையாக வந்திருந்தார். “பானி மேரா ஜமீன் கா கயா” என்றார். தண்ணீர் என் நிலத்தைத் தின்றுவிட்டது. அவருடைய கோப்பில் சர்வேயர் எழுதியிருந்தது: ‘நேரில் பார்த்தேன். நிலம் இருக்கிறது. நீர் இல்லை.’ அதிகாரி கையை விரித்தார். மேடம் தலையைச் சாய்த்தார்.

“மத்லப்?”

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கா கயா மத்லப் கா கயா!”

“ஒரே தடவையா தின்னு முடிச்சிடுச்சா தாதா, இல்ல தினமும் தின்னுதா?”

கிழவர் அப்படியே நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு விரலை நீட்டி, “ரோஜ். தோ பார்” என்றார். தினமும், இரண்டு தடவை.

மறுநாள் அலுவலக ஜீப்பில் போனோம். அதிகாரி, சர்வேயர், மேடம், நான். காலை பத்து மணிக்கு வயல் வயலாகத்தான் இருந்தது. வரப்பு தெரிந்தது, சேற்றில் நண்டுகள் ஓடின. சர்வேயர், ‘நான்தான் சொன்னேனே’ என்பதுபோல எங்களைப் பார்த்தார். “சாப்பிட்டுட்டு வரலாம்” என்றார் மேடம். கிழவர் வீட்டில் மீனும் சோறும் போட்டார்கள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் வரப்பைக் காணோம். நிலநடுக்கத்தில் தரை ஓர் ஆள் இடுப்பளவு இறங்கிவிட்டது. அதனால் ஓடை வழியாக வந்த கடல் வயல் முழுக்கத் தளும்பிக்கொண்டிருந்தது. காலையில் நாங்கள் நின்ற இடத்தில் மீன் துள்ளியது. சர்வேயர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. மேடம் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று கைதட்டினார்.

“சர்வேயர் பொய் எழுதல. ஒரு வரியை மட்டும் படிச்சிட்டுப் போயிட்டார். முழு நாளும் தெரிஞ்சாத்தான் அந்த ஒரு வரிக்கு அர்த்தம். வரி வரியாப் படிக்காம முழு நாளும் தெரியாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். இதை வட்டம்னு பேர் வெச்சு ஜெர்மன்காரங்க சண்டை போட்டிருக்காங்க. பத்து வருஷமாப் படிக்கறேன். கால்ல சேறு பட்டப்புறம்தான் தெரியுது.”

 திரும்பிப் பெரார்கஞ்ச் வந்ததும் அதிகாரி ஒன்று சொன்னார். “மேடம், இனிமேல் நீங்கள் மெதுவாகவே கேளுங்கள்.”

கேள்வி எப்போதும் நல்லதைத்தான் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். கடலில் மகளைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்திருந்தாள். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘மூணு’ என்றாள். பிறகு, “நாலு… ஒண்ணுமில்ல” என்றாள். மேடம் பழக்கத்தில், “அதாவது?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் எழுந்து, படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க மேடம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தார். எங்களுக்கு என்னவோபோல் இருந்தது. மறுநாள் மத்தியானம் முகாமில் அந்தப் பெண்ணின் ஷெட்டுக்குப் போயிருக்கிறார். அவள் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாளாம். இவரும் உட்கார்ந்து உரித்தார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்டுப்பட்ட விரல்களோடு திரும்பி வந்து என்னிடம், “சிலதைத் திறக்கக்கூடாது. இதை எந்தக் கட்டுலயும் நான் படிக்கல, இல்ல படிச்சும் கவனிக்கல” என்றார். நாலாவது நாள் அந்தப் பெண் தானாகவே வந்து படிவத்தை முடித்துக் கொடுத்தாள். இவருக்கு ஒரு பொட்டலம் பாக்கும் கொண்டுவந்திருந்தாள்.

என் அப்பாவுக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான்.

எங்கள் குடும்பம் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் அங்கிருந்து அனுப்பப்பட்டு, கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறங்கினார்கள். நான் பிறந்தது அங்கேதான். வேலை கிடைத்து நான் போர்ட் பிளேர் வந்துவிட்டேன். சுனாமியில் கச்சால் போனதும், தப்பித்தவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து முகாமில் வைத்தார்கள். நீளமான தகர ஷெட்டுகள். ஒரு ஷெட்டில் தடுப்பு வைத்து ஆறு குடும்பங்கள். என்னோடு வாடகை வீட்டில் இருக்கக் கூப்பிட்டேன். அப்பா வர மறுத்துவிட்டார்.

புது வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று விளக்குவதற்காக மேடம் முகாமுக்குப் போனார். ஒரு மணி நேரம் நிதானமாக, விதிகளையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா எழுந்து, “நல்லா வெளங்குச்சும்மா. ரொம்ப நல்லா வெளங்குச்சு” என்றார்.

மேடம் முகம் சிவந்து அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன்.

“உங்கப்பா என்னைக் கிண்டல் பண்ணிட்டார்” என்றார். “அத்தனை பேர் முன்னால, நல்லா வெளங்குச்சுன்னுட்டார். எங்க ஊர்ல உருப்படாத வேலையைத்தான் ‘ஆமா, வெளங்கினாப்பலதான்’னு சொல்வாங்க.”

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “மேடம், எங்க ஆளுங்களுக்கு வெளங்குச்சுன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்கள் விரிந்தன. அடுத்து அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பத்து வருஷமா புரிதலைப் பத்தியே படிக்கறேன்! அந்த வார்த்தையையே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்! அதுவும் தமிழ்ல!” அன்று மத்தியானம் சமோசா வாங்கிக்கொண்டு நேரே முகாமுக்குப் போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு எதற்கு மன்னிப்பு என்றே தெரியவில்லை. சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு, “அது என்னமோ கேட்டுச்சு, எனக்கு வெளங்கல” என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு மேடம் முன்முடிவைப் பற்றி என்னிடம் நிறையப் பேசினார். முன்முடிவே இல்லாமல் சுத்தமான மனசோடு கேட்க வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்களாம். போன நூற்றாண்டில் ஜெர்மன்காரர் ஒருவர், அது முடியவே முடியாது, முன்முடிவோடுதான் எல்லோரும் வருகிறோம், அதைக் கொண்டுபோய் எதிராளியின் பேச்சில் முட்டவிட்டுப் பார்ப்பதுதான் வழி என்றாராம். “என்னோடது சமோசாவுல முட்டிச்சு” என்பார்.

ஒருமுறை வேலையாக நானும் மேடமும் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். படகு புறப்பட்ட அரை மணியில் அவருக்கு வாந்தி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாந்திக்கு நடுவே, “அந்தத் தொடுவானத்தைப் பாருங்க” என்றார். “நாம நிக்கற இடம்தான் அதைத் தீர்மானிக்குது. நாம நகர்ந்தா அதுவும் நகரும். ரெண்டு பேர் பேசறதுன்னா ரெண்டு தொடுவானம்…” அதற்குமேல் முடியவில்லை. பக்கத்தில் நின்ற தெலுங்கு மாலுமி எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்து, “அம்மா, தூரமாப் பாரு, பேசாத” என்றார். அந்த மாலுமியும் அதையேதான் சொன்னார் என்று கரை இறங்கியதும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது புது வீட்டு விஷயம்.

பெரார்கஞ்சுக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் வீடுகள் கட்ட ஏற்பாடானது. குடும்பத்துக்கு ஒன்று, தனித்தனி வீடு, சுற்றிலும் இடம். யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவாகும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர்ப் பட்டியல் போக வேண்டும். புதன்கிழமை அப்பாவின் முறை வந்தது. மகன் என்பதால் நான் கேள்வி கேட்கவில்லை. மேடம் கேட்டார், நான் பக்கத்து மேஜையில் எழுதினேன்.

“எனக்கு வீடு வேணாம்” என்றார் அப்பா.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். வேண்டாம் என்றவர்கள் ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். நான் படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்று எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். கையெழுத்துக்காக நீட்டும்போது மேடத்தின் கை படிவத்தின்மேல் விழுந்தது. அவர் அப்பாவிடம் திரும்பவில்லை. என்னிடம் திரும்பினார்.

“அதாவது, க்ளார்க் சார்?”

எனக்குச் சுருக்கென்றது. “அதாவது என்ன மேடம்? எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் பயமா இருக்கு.”

அப்பா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

டீக்கடையில் மேடத்துக்கு விளக்கினேன். என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டிருந்தேன்: சொல்லை அப்படியே நம்பாதே, அதற்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடு என்று ஒரு கூட்டம் உண்டு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதற்குச் சந்தேகத்தின் பள்ளி என்று பெயர்கூட வைத்திருக்கிறார் என்று. அந்தப் பள்ளியில் நான் நல்ல மாணவன். “எங்கப்பாவை ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கித்தான் சிலோன்லேருந்து அனுப்பினாங்க. இன்னொரு காகிதத்துல கச்சாலுக்கு. கையெழுத்துப் போட்ட எடத்துலயெல்லாம் அவருக்கு எல்லாம் போயிருக்கு. அவர் வீட்டை வேணாம்னு சொல்லல மேடம். காகிதத்தை வேணாங்கறார்.”

மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையிலேயே ரசித்தார். “அழகான விளக்கம். அவர்கிட்ட காட்டினீங்களா?”

“எதை?”

“இந்த விளக்கத்தை. இது அவருடையதான்னு கேட்டீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது எனக்கு. அப்பாவிடம் ‘சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ தவிர வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

வியாழன் மத்தியானம் இருவரும் முகாமுக்குப் போனோம். மழை. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் கத்தினால்தான் கேட்கும். நான் என் விளக்கத்தைக் கத்தினேன். அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, “நீ ஏன்டா சம்மந்தமில்லாமப் பேசுற?” என்று கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து, “விடுங்க மேடம். இந்த மனுசன் பேசுறது எனக்கே இத்தன வருசமா வெளங்கல” என்று இரைந்தாள்.

மேடம் சிரித்துக்கொண்டே அப்பா பக்கம் குனிந்தார். “ஐயா, வீடு வேணாம்னீங்க. என்ன வேணும்?”

 அப்பா கையை மடக்கி, தகரத் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டினார். அந்த மழையிலும், அந்தப் பக்கத்திலிருந்து உடனே இரண்டு தட்டு வந்தது. பிறகு, “என்ன மச்சான்?” என்று ஒரு குரல். “ஒண்ணுமில்ல, சும்மா” என்றார் அப்பா. பிறகு எங்களைப் பார்த்து, “இதான் வேணும்” என்றார்.

மேடம் தலையைச் சாய்த்தார். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அப்பாவே சொன்னார்.

“சிலோன்ல லயத்துல இருந்தோம். நீளமா ஒரே கூரை, வரிசையாக் காம்பரா. கச்சால்லயும் அப்பிடித்தான் குடுத்தாங்க. ரெண்டு எடத்துலயும் செவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருந்துச்சு. அன்னைக்கு வெடியக்காலம் நெலம் ஆடுச்சு. ஆடி நின்னதும் நாங்க திரும்பப் படுத்துட்டோம். தொங்கல்ல இருந்த கடைசிக் காம்பராக்காரன் வெளிய வந்தவன் கடலப் பாத்திருக்கான். கத்துறதுக்குக்கூட நேரமில்ல, செவத்தத் தட்டிட்டு மேட்டுக்கு ஓடினான். அடுத்த செவரு, அதுக்கடுத்த செவருன்னு தட்டித் தட்டியே ஆறு குடும்பமும் ரப்பர் காட்டு மேட்டுக்கு ஏறிட்டோம். ஒரு உசுரு போகல. கீழ தனித்தனியா வீடு கட்டியிருந்தவங்கள யாரு தட்டுவா?” மழை கொஞ்சம் விட்டிருந்தது. “இப்ப ஆளுக்கொரு வீடு, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு குலுக்கிப் போடப்போறாங்களாம். எனக்கு எதுக்கு அது?”

ஆறு குடும்பமும் பிழைத்தது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதே இல்லை.

“நீங்க இதை ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேட்டியா?” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அம்மா எனக்கு டீ கொடுத்தாள். 

மேடம் அன்று இரவே உட்கார்ந்து அப்பா சொன்னதை இந்தியில் இரண்டு பக்கம் எழுதினார். வெள்ளி காலையில் அதிகாரியின் மேஜையில் வைத்தார். அவர் புரட்டிப் பார்த்தார். “அந்த ஆள் சொன்னது மூன்று வார்த்தை. நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.”

“மூணு வார்த்தை அவரோடது சார். ரெண்டு பக்கமும் எனக்கு அது புரிய ஆன நேரம்.”

அதிகாரி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். குடும்பத்துக்குத் ‘தனி வீடு’ என்றுதான் அதில் இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்றார்.

“தனி மத்லப், சார்?” என்றார் மேடம். “ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒண்ணு இருக்கணும்னு அர்த்தமா, ஒருத்தரைவிட்டு ஒருத்தர் தள்ளி இருக்கணும்னு அர்த்தமா? எழுதினவர் எதை நினைச்சு எழுதினார்னு நமக்குத் தெரியாது. ஆனா இங்க, இந்த ஆறு குடும்பத்துக்கு அதை எப்படிப் படிக்கறதுங்கறது நம்ம பொறுப்பு.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்து, “மத்லப்?” என்றார். அலுவலகமே வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஒட்டுச்சுவர் வைத்து இரண்டு வீடு சேர்ந்தாற்போல ஒரு வரைபடம் உண்டு என்று மேடத்தின் கணவர் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆறு வீட்டை ஒரே வரிசையாகக் கட்ட விதியில் இடமில்லை, இரண்டிரண்டாக மூன்று ஜோடி பக்கத்தில் பக்கத்தில் கட்டலாம் என்று முடிவானது. நான் என் கையால் ‘விருப்பமில்லை’யை அடித்துவிட்டு, சாயங்காலம் பட்டியலில் ஆறு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதினேன்.

வீடுகள் எழும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. குடிபோன அன்று ஆறு குடும்பமும் சேர்ந்து ஒரே அண்டாவில் சமைத்தார்கள். அதிகாரி வந்தார். சௌல்தாரிக் கிழவர்கூட எப்படியோ தெரிந்துகொண்டு மீனோடு வந்தார். அப்பா புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். தகரம்போலச் சத்தம் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டு, “வருது மச்சான், வருது” என்று கத்தினார். எல்லாம் முடிந்து மேடத்திடம் வந்து அப்பா குறை சொன்னார். “ஆறு காம்பராவுக்கு நடுவுல அஞ்சு செவரு வரணும். நீங்க மூணுதான் குடுத்திருக்கீங்க. ரெண்டு பாக்கி.”

“அதாவது?” என்றார் மேடம்.

“அதாவது நானே பாத்துக்கிறேன்” என்றார் அப்பா. ஒரு வாரத்தில் ஜோடிகளுக்கு நடுவே இருந்த இரண்டு இடைவெளிகளிலும் கயிறு கட்டி, இரண்டு முனையிலும் காலி டால்டா டப்பாவைத் தொங்கவிட்டார். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். மேடம் போய் எல்லோருக்கும் முந்தி இழுத்துப் பார்த்தார். ராப்பகலாக எல்லா வீட்டுக் குழந்தைகளும் இழுத்துக்கொண்டே இருந்ததில் ஆறு குடும்பமும் தூங்க முடியாமல், இரண்டு வாரத்துக்கு டப்பாவுக்குள் துணி அடைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் அவருடைய கணவருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றல் வந்தது. ஆராய்ச்சிக்குத் திரும்பப் பதிவு செய்யப்போவதாக மேடம் சொன்னார். “இப்ப உதாரணம் அதிகமாப் போச்சு, அதுக்கும் திருப்பிக் கொடுப்பாங்க” என்றார். முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. சில காலம் கடிதம் வந்தது. பிறகு இரு பக்கமும் வீடு மாறியதில் விட்டுப்போயிற்று.

அவர்கள் கிளம்பிய அன்று கப்பல் ஏற்ற ஹாடோ துறைமுகத்துக்குப் போயிருந்தோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடம் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கயிறு அவிழ்த்து, சங்கு ஊதி, கப்பல் ஜெட்டியைவிட்டு மெல்ல விலகியது. அப்போதுதான் அப்பாவுக்கு ஏதோ நினைவு வந்தது. கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். எஞ்சின் சத்தத்திலும் கூட்டத்தின் கூச்சலிலும் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேலே அவர் காதில் கைவைத்தார். அப்பா மறுபடி கத்தினார். அவர் பெரிதாகத் தலையாட்டி, இரண்டு கையையும் வீசி, என்னவோ திருப்பிக் கத்தினார். அப்பாவும் தலையாட்டினார். இப்படியே நாலைந்து தடவை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கத்திக்கொண்டே இருந்தார்கள், கப்பல் திரும்பி அவர் நின்ற பக்கம் மறையும்வரை.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “மேடம் என்னப்பா சொன்னாங்க?”

“ஒண்ணும் கேக்கல” என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. “ஆனா சரியாத்தான் சொல்லியிருக்கும், அந்தப் புள்ள.”